ஊட்டி – பந்திப்பூர் – திம்பம் சுற்று: சிக்னல் இல்லாத காட்டுப் பாதைக்கு எந்த நேவிகேஷன் செயலி?

பவானிக்கரை (கேள்வி)

வணக்கம்ங்க. ஈரோட்டிலிருந்து காரில் இரண்டு நாள் சுற்று. முதல் நாள் மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஊட்டி. மறுநாள் ஊட்டி – தெப்பக்காடு – பந்திப்பூர் – குண்டல்பேட்டை – சாம்ராஜ்நகர் – திம்பம் – சத்தியமங்கலம் – ஈரோடு. முதுமலை, பந்திப்பூர், ஆசனூர் பக்கம் நெட் சரியாகக் கிடைக்காது என்கிறார்கள்.

போன் ஆண்ட்ராய்டு, 4 ஜிபி ரேம், காலி இடம் 6 ஜிபி இருக்கிறது. இப்போது கூகுள் மேப்ஸ் மட்டும்தான். கேட்க வேண்டியவை: நெட் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? எந்தச் செயலி, காசு கொடுத்து வாங்க வேண்டுமா? நாவிக் (இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு) உள்ள போனாக மாற்றினால் துல்லியம் கூடுமா?

மலைத்தடம்

இரண்டு செயலி வையுங்கள். நெட் உள்ள இடத்துக்குக் கூகுள் மேப்ஸ், நெட் போனால் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட். காசு தேவையில்லை. ஒரே செயலியில் இரண்டு வேலையும் நன்றாக நடக்காது, காரணம் தரவு. ஊருக்குள் நெரிசலைக் காட்டுவதிலும், ஓட்டல் பெயரை அடித்ததும் வாசலைக் காட்டுவதிலும் கூகுளுக்கு இணை இல்லை. ஆனால் அதன் ஆஃப்லைன் வரைபடத்தில் நெரிசல் தகவல் இல்லை, மாற்று வழி காட்டாது, நடைபாதை வழியும் கிடைக்காது. கார் வழி மட்டும்தான்.

மற்ற இரண்டும், பொதுமக்களே விவரம் ஏற்றி வளர்க்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் ஓடுபவை. வரைபடம், தேடல், வழி கணக்கிடுதல் மூன்றும் போனுக்குள்ளேயே நடக்கும். ஆர்கானிக் மேப்ஸ் பழைய மேப்ஸ்.மீ மூலநிரலிலிருந்து பிரிந்து வந்தது. விளம்பரம் கிடையாது, 4 ஜிபி ரேமில் சுணங்காமல் ஓடும். ஆஸ்மாண்ட் 2010 முதல் இருக்கிறது. வசதிகள் ஏராளம், அதற்கேற்றபடி கனமும் கூட. ப்ளே ஸ்டோரில் கிடைக்கும் இலவசப் பதிப்பில் 7 வரைபடம் வரைதான் இறக்கலாம். உங்கள் பயணத்துக்கு அது தாராளம்.

கூகுளில் செய்ய வேண்டியது: மேலே வலது மூலையில் உங்கள் படம் → ஆஃப்லைன் மேப்ஸ் → சொந்தமாகத் தேர்ந்தெடு. வரும் கட்டத்தை விரித்து ஈரோடு முதல் குண்டல்பேட்டை வரை உள்ளே வருகிறதா பாருங்கள். ஒரே கட்டத்தில் எல்லாம் அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால் இரண்டாகப் பிரித்து, விளிம்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி எடுங்கள். இடையில் இடைவெளி விழுந்தால் அந்த இடத்தோடு வழி நின்றுவிடும். இறக்கிய வரைபடம் காலாவதியாகும் என்பதால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள்.

முடித்ததும் வீட்டிலேயே ஒரு சோதனை. போனை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையையும் அணைத்து, இருப்பிடத்தை மட்டும் விட்டுவைத்து, ஊட்டியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு வழி கேளுங்கள். முழு வழியும் வந்தால் தயார். இந்தச் சோதனையில் தேறாத செயலி காட்டிலும் தேறாது.

தாழைக்கரை

செயலி விஷயத்தில் மேலே சொன்னது சரி. ஆனால் எந்தச் செயலி வைத்தாலும் இந்தச் சுற்றில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழி. கல்லட்டி, மசினகுடி வழி சுமார் 36 கி.மீ.; கூடலூர் வழி சுமார் 67 கி.மீ. எந்தச் செயலியும் இயல்பாகக் குறைந்த தூரத்துக்குத்தான் சாயும். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், கடுமையான சரிவு. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் விபத்துகள் நடந்த பாதை அது. அதனால் வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து அந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை. டிஎன் 43 பதிவெண் உள்ள உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. தலைகுந்தா சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்புவார்கள். பதிவெண்ணையும் போகும் திசையையும் பொறுத்த விதி இது. இப்படிப்பட்ட நிபந்தனையைச் செயலி கணக்கில் எடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

தீர்வு எளிது. சேருமிடமாகச் சத்தியமங்கலத்தைப் போட்டுவிட்டு விடாதீர்கள். இடைநிறுத்தமாகக் கூடலூரைச் சேருங்கள், அதன் பிறகு தெப்பக்காடு, குண்டல்பேட்டை, சாம்ராஜ்நகர், ஆசனூர் என்று வரிசையாக வையுங்கள். புள்ளியை ஊர்ப்பெயரின் மேல் வைக்காமல், நீங்கள் போகும் நெடுஞ்சாலையின் மேலேயே அழுத்தி வைக்க வேண்டும். ஊர்ப்பெயர் ஏதாவது ஒரு தெருவுக்குள் இருந்தால் செயலி உங்களை அந்தத் தெருவுக்குள் கூட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வரும்.

ஆஸ்மாண்டில் இன்னொரு வசதி: கல்லட்டிச் சாலையின் மேல் நீண்ட நேரம் அழுத்தி, செயல்கள் → சாலையைத் தவிர் என்று கொடுத்தால் அதன் பிறகு வழிக் கணக்கில் அந்தச் சாலை வராது. ஆர்கானிக் மேப்ஸில் சுங்கம், மண் சாலை போன்ற வகைகளைத்தான் தவிர்க்க முடியும், குறிப்பிட்ட ஒரு சாலையை முடியாது. இந்தப் பயணத்துக்கு ஆஸ்மாண்டே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

நேரத்தையும் கவனியுங்கள். பந்திப்பூர், முதுமலை வழிச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். திம்பத்திலும் 2022 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கார்களுக்கு அதே நேரத்தில் தடை. சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். ஆஃப்லைன் செயலி காட்டும் நேரம் சாலை வகைக்கு ஏற்ற வேகத்தை வைத்துப் போடும் கணக்கு. 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பத்தில், முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தால் அந்தக் கணக்கு நிற்காது. மலைப்பகுதிக்கு அது காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு எல்லையில் உள்ள காரப்பள்ளம் சோதனைச் சாவடிக்கு மாலை 6 மணிக்குள் வந்துவிடும்படி ஊட்டியிலிருந்து கிளம்புங்கள்.

நீலகிரிக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதையும் முன்கூட்டியே எடுத்து, படமாகப் போனில் சேமித்துவையுங்கள். சாவடியில் நின்றுகொண்டு இணையத்தில் தேட முடியாது. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுபவர்கள் குன்னூர் வழி, இறங்குபவர்கள் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக மாற்றுவதும் உண்டு. அப்போது செயலி சொல்வதை விட்டுவிட்டுப் போலீஸ் பலகையைப் பார்த்துப் போங்கள்.

அலைவரிசை

ஜிபிஎஸ், நாவிக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் பெறுவதற்கு நெட், சிம் எதுவும் வேண்டாம். போன் செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்கிறது, அவ்வளவுதான். எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நெட் உதவுவது முதல் தடவை இடத்தைப் பிடிக்கும் வேகத்துக்கு. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில் அனுப்புகிறது. ஒரு கோளின் விவரம் முழுதாகக் கிடைக்க சுமார் 30 நொடி தடையில்லாமல் கேட்க வேண்டும். நெட் இருந்தால் இதே விவரத்தைப் போன் சர்வரிலிருந்து ஓரிரு நொடியில் எடுத்துக்கொள்கிறது. நெட் இல்லாமல், ஓடும் காரில், மரங்களுக்குக் கீழே போனைத் திறந்தால் அந்த 30 நொடி திரும்பத் திரும்ப அறுபடும். பத்து நிமிடம் ஆகியும் இடம் பிடிக்கவில்லை என்று சிலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான். போன் கெட்டுப்போய்விடவில்லை.

அந்த விவரம் ஏறத்தாழ 4 மணி நேரம்தான் செல்லும். ஆகவே காலையில் ஊட்டியில் பிடித்தது மாலை திம்பத்துக்கு உதவாது. சாம்ராஜ்நகரில் டீ குடிக்க நிறுத்தும்போது, நெட்டும் திறந்த வானமும் உள்ள இடத்தில் செயலியைத் திறந்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதன் பிறகு மூடாமல் காட்டுக்குள் போனால் தொல்லை இல்லை.

துல்லியம்: திறந்த வானத்தில் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் காட்டும். கொண்டை ஊசி வளைவில் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் மிக அருகருகே இருக்கும். பக்கத்துப் பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலும் சேர்ந்துகொண்டால் அம்புக்குறி மேல் சாலைக்குத் தாவி, ‘யூ டர்ன் எடுக்கவும்’ என்று சொல்லும். பொருட்படுத்தாதீர்கள், அடுத்த நேர்ச்சாலையில் தானே திருந்திவிடும்.

இந்தத் தாவலைக் குறைப்பது எல்5 அலைவரிசை. பழைய எல்1 சிக்னலின் குறியீட்டைவிட எல்5 குறியீடு பத்து மடங்கு வேகமானது. அதனால் நேராக வந்த சிக்னல் எது, பாறையில் பட்டு வந்தது எது என்று சில்லால் நன்றாகப் பிரித்தறிய முடிகிறது. நாவிக்கின் தொடக்ககாலக் கோள்கள் எல்5, எஸ் ஆகிய இரண்டில் மட்டும்தான் அனுப்பின. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 தான் எல்1-ஐயும் சேர்த்துக்கொண்டு போனது. நாவிக் உள்ள போன்களில் பெரும்பாலும் எல்5-உம் இருப்பது இதனால்தான். துல்லியம் கூடியதற்குப் பெயர் நாவிக்குக்குப் போனாலும், உழைப்பில் பெரும்பங்கு எல்5-உடையது. இந்த ஒரு பயணத்துக்காகப் போன் மாற்ற வேண்டியதில்லை. ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலியைப் போட்டு வெட்டவெளியில் திறந்தால், உங்கள் போன் எந்த அலைவரிசைகளைப் பிடிக்கிறது என்று பட்டியலாகத் தெரியும். சிக்னல் அளவு (C/N0 என்று காட்டும் எண்) 30-க்கு மேல் உள்ள கோள்கள் பத்துக்குக் குறையாமல் இருந்தால் கவலை வேண்டாம்.

இன்னும் ஒன்று பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ஒவ்வொரு செயலிக்கும் ‘துல்லியமான இருப்பிடம்’ என்று தனி அனுமதி உண்டு. அது அணைந்திருந்தால் புள்ளிக்குப் பதிலாகப் பெரிய வட்டம்தான் வரும். பேட்டரி பகுதியில் அந்தச் செயலியை ‘கட்டுப்பாடற்றது’ என்று மாற்றுங்கள். பேட்டரி சேமிப்பானும் அணைந்திருக்கட்டும். திரை அணைந்ததும் இருப்பிடத்தை நிறுத்துவது பெரும்பாலும் அதன் வேலைதான்.

பவானிக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றிங்க. ஆஸ்மாண்டில் தமிழ்நாடு இறக்கி விமானப் பயன்முறையில் பார்த்தேன். கூடலூர் வரை சரியாக வருகிறது. தெப்பக்காட்டைத் தாண்டிக் குண்டல்பேட்டை போட்டால் வழி கிடைக்கவில்லை என்கிறது. ஊட்டியில் தங்கும் விடுதியின் பெயரை அடித்தாலும் வரவில்லை. குரல் வழிகாட்டலும் விமானப் பயன்முறையில் மௌனமாகிவிட்டது.

மலைத்தடம்

மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

வழி நிற்பது கர்நாடக வரைபடம் இல்லாததால். ஆஸ்மாண்ட் மாநிலம் மாநிலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. தெப்பக்காட்டுக்குச் சற்று வடக்கே எல்லை தாண்டிவிடுகிறீர்கள். கர்நாடகாவையும் இறக்குங்கள். கூடலூரில் இடப்பக்கம் தவறித் திரும்பினால் கேரளம் பக்கத்தில்தான் என்பதால் அதையும் சேர்த்துவிடலாம், மொத்தம் மூன்றுதானே. இறக்கும் முன் அளவு காட்டும். உங்கள் 6 ஜிபிக்குள் தாராளமாக அடங்கும்.

விடுதி வராததற்குக் காரணம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் அதை இன்னும் ஏற்றவில்லை. நம் பக்கத்துக் கடை, விடுதி, வீட்டு எண் விவரங்களில் அதற்கு இன்னும் குறை நிறைய. கூகுளில் விடுதியைத் தேடி, அதன் மேல் அழுத்தி, வரும் எண்களை நகலெடுத்து ஆஸ்மாண்டின் தேடலில் ஒட்டுங்கள். 11.41, 76.70 என்பதுபோல் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிட்டால் 1 கி.மீ. வரை தள்ளிப்போகும். புள்ளிக்குப் பின் 5 இலக்கம் இருந்தால் சுமார் 1 மீட்டர். வந்ததும் பிடித்த இடமாகச் சேமித்துவிடுங்கள். பெட்ரோல் பங்க், மருத்துவமனை, சோதனைச் சாவடிகளையும் இப்படியே குறித்துக்கொள்வது நல்லது.

குரல்: போன் அமைப்புகளில் உரையிலிருந்து பேச்சு என்று தேடுங்கள். அதில் குரல் தரவை நிறுவு → தேவையான மொழியை இறக்குங்கள். அதுவரை நெட் வழியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கும். செயலியின் குரல் மொழியும் இறக்கிய மொழியும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாழைக்கரை

சார்ஜரை மறந்துவிடாதீர்கள். பழைய கார்களின் ஆடியோ யூஎஸ்பி துளை பெரும்பாலும் 0.5 ஆம்பியர்தான் தரும். திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்க, அது போதாது; சார்ஜில் இருந்தபடியே பேட்டரி இறங்கும். 12 வோல்ட் துளையில் செருகும் 18 வாட் சார்ஜர் வாங்கிக்கொள்ளுங்கள்.

போனைக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்டைவிட ஏசி துவாரத்தில் மாட்டும் ஸ்டாண்ட் நல்லது. சாம்ராஜ்நகர் பக்கத்து மதிய வெயில் கண்ணாடி வழியாக அடித்தால் போன் சூடேறி முதலில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், பிறகு திரையை மங்கலாக்கும்.

காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. வனத்துறை அபராதம் போடும், யானையும் வரும். அதனால் எந்த மாற்றம் செய்வதானாலும் சாவடிக்கு முன்பே செய்துமுடியுங்கள். ஓட்டுபவர் கையில் போன் வேண்டாம், பக்கத்தில் உட்காருபவர் பார்த்துக்கொள்ளட்டும். ஈரோடு வந்து சேர்ந்த பிறகு, அந்த விடுதியை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே ஏற்றிவிடுங்கள். ஆர்கானிக் மேப்ஸில் அந்த இடத்தை அழுத்தி ‘இடத்தைச் சேர்’ என்றால் இரண்டு நிமிட வேலை.