கிளிநொச்சி கண்டாவளைப் பக்கத்துப் பழைய வீடு: நெய் வித்த காலத்தை எதில தேடுறது?

கதியால் கேட்டது:
பாட்டன் காலத்துக் கல்வீடு. பட்டி வைச்சு நெய்யும் தயிரும் வித்த குடும்பம் எண்டது மட்டும் தெரியும். கடுதாசி எல்லாம் இடப்பெயர்வில போட்டுது. மிஞ்சினது குறிசுடுற கம்பி ரெண்டு, வாய் உடைஞ்ச பெரிய முட்டி, விறாந்தையில கயிறு தேஞ்ச தடத்தோட ஒரு பாலைத் தூண். வடக்குச் சுவரின்ர அடி எத்தினை தரம் சீமெந்து பூசினாலும் கழருது. ஆரின்ர பேரில, எத்தினை மாட்டோட நடந்தது எண்டு அறிய வழி இருக்கோ? திருத்தமுதல் எதைத் தொடக்கூடாது?

முரசுமோட்டையான்:
முதல்ல கம்பி. கறளை அசிட் போட்டுக் கழுவாதேங்கோ, எழுத்தின்ர விளிம்பு போயிடும். தேங்காய் எண்ணெயில ஊறவைச்சுத் தேய்ச்சு, ஈரக் களிமண்ணில அமத்திப் பாருங்கோ. கம்பியில தலைகீழாத் தெரியுற எழுத்து களியில நேராவரும். முனையில எழுத்தே இல்லாமல் வெறும் வளைவு எண்டால் அது கையால எழுதிச் சுடுற கம்பி, அதில பேர் கிடையாது. 1958ஆம் ஆண்டு 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தில குறியும், மாடு ஆருக்குச் சொந்தம் எண்டு காட்டுற மாட்டுச் சீட்டும் வருது. பழைய சீட்டு ஒண்டு சொந்தபந்தம் ஆரிட்டையும் கிடந்தால் கம்பியை விட அது பெறுமதி.

காணிக்கு, கிளிநொச்சி 1984இலதான் யாழ்ப்பாணத்திலயிருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆனது. அதுக்கு முந்தின உறுதியை யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில தேடுங்கோ. கன பேர் கிளிநொச்சிக்கு மட்டும் போட்டு ‘ஒண்டுமில்லை’ எண்டு திரும்பி வருகினம். உறுதிக்காணி இல்லாமல் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில அரச காணிக்குக் குடுத்த அனுமதிப்பத்திரம் எண்டால் பிரதேச செயலகப் பேரேட்டைப் பாருங்கோ. அவருக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு நியமிச்ச பின்னுரித்தாளர் பேரும் அதில இருக்கும், பரம்பரை அதிலயே பாதி வந்திடும்.

பட்டிக்காரர்:
தூணை ஆரும் சீவி வார்னிஷ் அடிக்க விடாதேங்கோ. தடம் ரெண்டு இருக்கோ எண்டு பாருங்கோ, ஒண்டு கீழ, ஒண்டு மேல. மத்தை நிமித்திப் பிடிக்கிற வளையக் கயிறு தேய்ச்ச தடம் அது. அப்ப கடைஞ்சது அந்த இடத்திலதான். நேர மேல வளையில உறிக் கொளுக்கியும் இருக்கவேணும்.

முட்டியைத் தோள்மட்டும் காய்ஞ்ச மணலால நிரப்பி, லீற்றர்க் கணக்கில அளவுங்கோ. கடையேக்க அரைவாசிக்கு மேல தயிர் விடமாட்டினம், வழிஞ்சிடும். 28 லீற்றர் முட்டி எண்டால் தயிர் 14 லீற்றர். நாட்டு மாட்டுப் பாலில கொழுப்பு நாலு வீதம் சொச்சம். 25 லீற்றருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ நெய். எருமையெண்டால் 15 லீற்றரே காணும். ஆக ஒரு கடைசலுக்கு அரைக் கிலோச் சொச்சம். பட்டி மாடு கண்டை இரவு பிரிச்சு விடியவில ஒருக்காத்தான் கறக்கிறது, ஒரு மாட்டுக்கு ஒண்டேகால் லீற்றர் எண்டு வைச்சால் அந்த 14 லீற்றருக்குக் கறவை 11, 12 வேணும். நாம்பன், கிடேரி, சினை, வறள் எல்லாம் சேர்த்தால் பட்டியில அம்பதாவது நிண்டிருக்கும். ரெண்டு நாள் தயிரைச் சேர்த்துக் கடைஞ்ச வீடுகளும் உண்டு, அப்பிடியெண்டால் இந்தக் கணக்கு பாதியாகும்.

ஏன் நெய்? வன்னி வெயிலில கறந்த பால் நாலைஞ்சு மணித்தியாலத்தில திரைஞ்சிடும், மாரியில கனகராயன் ஆத்துப் பக்கம் வண்டி போகாது. நல்லா உருக்கி, சடசடப்பு அடங்கி, அடிமண்டி பழுப்பாகேக்க இறக்கின நெய் மாசக்கணக்கில நிக்கும். தண்ணி மிஞ்சினால்தான் காறல். முட்டியின்ர உள்ளுக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஊறிக் கறுத்திருந்தால் அது நெய் முட்டி, தயிர் முட்டி இல்லை. கழுவாமல் மோந்து பாருங்கோ.

கதியால்:
தடம் ரெண்டுதான்! முட்டி உள்ளுக்குக் கறுப்பு இல்லை, வெள்ளைப் படிவு. அப்ப தயிர் முட்டி போல. சுவர்?

மேசன்:
வடக்குப் பக்கம் கொட்டில் சாய்ச்சுக் கட்டியிருந்திருக்கும். மாட்டு மூத்திர உப்பு கல்லுக்குள்ள ஏறி நிக்குது. ஈரம் காயேக்க வெளிய பூத்துப் பூச்சைத் தள்ளும். சீமெந்து மூச்சை அடைக்கிறதால உப்பு இன்னும் மேல ஏறும். சீமெந்தைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்து விடுங்கோ. பூக்கிற உப்பைக் காய்ஞ்ச தும்புத்தடியால தட்டுங்கோ, தண்ணி அடிச்சுக் கழுவினால் திரும்ப உள்ள போயிடும். பிறகு சுண்ணாம்பும் ஆத்து மணலும் ஒண்டுக்கு மூண்டு. பூச முதல் உப்பு நிக்கிற உயரத்தையும் நீளத்தையும் அளந்து குறிச்சு வையுங்கோ. கொட்டில் எவ்வளவு நீளம் எண்டதுக்கு உங்களிட்டை இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கறைதான்.