இவ்வளவு கீரை சாப்பிட்டும் அம்மாவுக்கு பி12 குறைவு, எப்படி?

நகரி_தறி:
அம்மாவுக்கு 61 வயது. நகரியில் இரண்டு பவர்லூம் ஓட்டுகிறோம். போன மாதம் திருத்தணியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அம்மாவின் இடது காலில் செருப்பைக் காணோம். பஸ்ஸிலேயே கழன்றிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. கேட்டால், "ஆறேழு மாசமா பாதம் மரத்துத்தான் கிடக்குது, சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே" என்கிறார். பக்கத்து வீட்டில் புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். கட்டுப் போட எலும்பு எங்கே உடைந்தது?

முன்பு அசதி என்று ஒரு கிளினிக்கில் காட்டியபோது ஃபோலிக் ஆசிட் (அதுவும் ஒரு பி வைட்டமின்தானாம்) மாத்திரை கொடுத்தார்கள், ஆறு மாதம் சாப்பிட்டார். இப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் பி12 138தான். 200க்கு மேல் இருக்கணுமாம்.

நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. காலையில் களியும் வேர்க்கடலைச் சட்னியும். மதியம் புளிச்சக்கீரையோ முருங்கைக்கீரையோ இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். அப்போதே பாலை நிறுத்திவிட்டார். வேறு எந்தக் கீரை கொடுக்கலாம்?

மருந்துக்கடை_அக்கா:
எந்தக் கீரையும் வேண்டாம் தம்பி. அதாவது சாப்பிடட்டும், ஆனால் பி12க்காக அல்ல. இந்த வைட்டமினைச் செடியும் செய்யாது, மாடும் செய்யாது, பாக்டீரியா மட்டும்தான் செய்யும். மாட்டு வயிற்றில் இருக்கும் பாக்டீரியா செய்வது பாலுக்கு வருகிறது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, ஈரல், இவ்வளவுதான் சாப்பாட்டில் முக்கிய வழி. ஒரு நாளைக்கு இரண்டரை மைக்ரோகிராம்கூடத் தேவையில்லை, அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய வந்துவிடும். அம்மா அந்த ஒரே வாசலையும் சாத்திவிட்டார். நம் ஈரலில் சில வருடத்துக்குச் சேமிப்பு இருக்கும், அதனால்தான் குறைவது இத்தனை நாள் தெரியவில்லை.

சாப்பிட்டது உள்ளே போவதும் லேசில்லை. வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் பி12ஐப் பிடித்துக்கொண்டு போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சேர்க்கணும். வயதானால் வயிற்று அமிலம் குறையும், மெட்ஃபார்மினும் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 ஏறுவதைக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

கால் ஏன் மரத்தது என்றால், நீங்கள் தறிக்காரர், உங்களுக்குச் சொல்வது சுலபம். மேலே கஞ்சி பூசாத பாவு நூல் தறியில் உரசி என்ன பாடுபடும்? நரம்புக்கு மேலும் அப்படி ஒரு உறை உண்டு, அது கெடாமல் இருக்க பி12 வேணும். சர்க்கரையாலும் பாதம் மரக்கும், இரண்டையும் டாக்டர் பார்க்கணும்.

அந்த ஃபோலிக் ஆசிட் விஷயம்தான் எனக்குக் கோபம். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவரே பீமவரத்தில் பிறந்து மதராஸில் மருத்துவம் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ்தான். ஆனால் பி12 பார்க்காமல் அதை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை தேறிய மாதிரி தெரியும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே இருக்கும்.

சித்தூர்_பாபு:
அக்கா, பழைய சோற்றிலும் புளித்த மாவிலும் பி12 உண்டு என்று வாட்ஸ்அப்பில் வருதே?

மருந்துக்கடை_அக்கா:
பாபு, அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீங்க. பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, அது வேறு கதை.

நகரி_தறி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டாக்டர் பி12 ஊசி எழுதிக் கொடுத்தார், ஐந்து போட்டாகிவிட்டது. முதல் நாள் சிரிஞ்சில் மருந்தை ஏற்றியதும் அம்மா எழுந்தே விட்டார். நல்ல சிவப்பு, சாயப்பட்டறை வாய்க்கால் தண்ணீர் மாதிரியே. "சாயத்தையா ஏத்தப் போறீங்க?" என்று நர்ஸிடம் கேட்டார். பாலுக்கு ஒத்துக்கொண்டார், சர்க்கரை போடாமல் ராத்திரி ஒரு டம்ளர், பகலில் மோர். முட்டைப் பேச்சே எடுக்கக் கூடாதாம். மரப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஊசி முடிந்தபின் மாத்திரை போதுமா அக்கா?

மருந்துக்கடை_அக்கா:
சிவப்புக்குக் காரணம் பி12 மூலக்கூறின் நடுவில் இருக்கும் கோபால்ட் என்ற உலோகம், அம்மாவிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் மாத்திரை போதும். வயிற்றுப் புரதம் சுத்தமாக இல்லாவிட்டாலும் நூற்றில் ஒரு பங்கு தானாகவே ஏறும், 1000 மைக்ரோகிராமில் 10 வந்தால் தாராளம். எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். நரம்பு தேற மாதக்கணக்காகும், நாள்பட்டிருந்தால் முழுசாகத் தேறாமலும் போகலாம். அதுவரை பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள், ராத்திரி பாதத்தில் காயம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.