ரொறன்ரோ மேயர் தேர்தல்: அம்மாவின் முகவரிக்கு எதைக் காட்டுவது?

2023 ஜூன் 26 மேயர் இடைத்தேர்தலில் அம்மா வாக்குப் போட வேண்டும். 102 வேட்பாளர்களில் ஆளைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார். வாக்காளர் பட்டியலில்தான் அவர் பெயர் இல்லை. மார்ச்சில் குடியுரிமை கிடைத்தது. ஏப்ரலில் பக்கத்து நகரமான மிசிசாகாவிலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபறோ பகுதியில் ஒரு பேஸ்மென்டுக்கு மாறினோம்.

இணையத்தில் தேடினேன், இல்லை. தொலைபேசியில் கேட்டேன். சாவடியிலேயே சேர்க்கலாம், ஆனால் பெயரும் ரொறன்ரோ முகவரியும் சேர்ந்து இருக்கும் அடையாளம் வேண்டும் என்றார்கள். சரி, வீடு முழுக்கத் துழாவினோம். ஹெல்த் கார்டின் பின்பக்கம் இன்னும் மிசிசாகாதான். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில், வாடகை ஒப்பந்தம் என் பெயரில். குடியுரிமைச் சான்றிதழில் முகவரியே கிடையாது! வங்கிக் கடிதம் கேட்டிருக்கிறோம்; அதுவும் பழைய வீட்டுக்குப் போயிருக்குமோ என்று பயம்.

பிள்ளைகளோடு பேஸ்மென்டில் இருக்கும் பெற்றோருக்கு நீங்கள் எந்தக் காகிதத்தைக் காட்டினீர்கள்?