மலைக் காலநிலைக் கூட்டணியில் மின்வாரியம் சேர வேண்டுமா?

குந்தாக்காரன்:
எல்க்ஹில்வாசி சார் நேற்று வேறொரு இழையில் எழுதியது இது: "ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் என்று நீலகிரி மலையில் உள்ள உள்ளாட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரு காலநிலைக் கூட்டணி அமைக்க வேண்டும். அணைகளைக் கையில் வைத்திருக்கும் மின்வாரியமும் அதில் சேர வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியபோதே இதைச் செய்திருக்க வேண்டும்."
82ஆ? எங்கள் குந்தாப் பக்கத்து அவலாஞ்சியில் பெய்தது 91.1 சார். மழைக்கணக்கே தெரியாதவர் காலநிலைக்குக் கூட்டணி கட்டுகிறார்.

எல்க்ஹில்வாசி:
82 என்பது நானாகச் சொன்னதில்லை, எல்லாப் பேப்பரிலும் வந்தது. நான் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். பார்சன்ஸ்வேலி அணைத் தண்ணீரைத்தான் ஊட்டி குடிக்கிறது. மதகைத் திறப்பது மின்வாரியம், வெள்ளம் வந்தால் ஓடுவது உள்ளாட்சி. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டாமா?

குந்தாக்காரன்:
மேஜை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். 91.1.

தேயிலைத்தோட்டம்:
மாவட்டத்துக்கு மாவட்டம் காலநிலை மாற்ற இயக்கம் என்று அரசே ஆரம்பித்து, கலெக்டரைத் தலைமையும் ஆக்கியிருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு கூட்டணி எதற்கு? போட்டோ எடுக்கவா?

எல்க்ஹில்வாசி:
அது மேலிருந்து வருவது. நான் சொல்வது உள்ளாட்சிகள் தாங்களாகச் சேர்வது. 2010-இல் அமெரிக்காவில், தென்கிழக்கு ஃபுளோரிடாவில் பாம் பீச், ப்ரோவர்ட், மயாமி-டேட், மன்றோ என்ற நான்கு கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி, இப்படித்தான் ஒப்பந்தம் போட்டன. அதுவரை கடல் மட்டம் எவ்வளவு உயரும் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். உட்கார்ந்து பேசி ஒரே கணக்குக்கு வந்தார்கள். அங்கேயும் பெரிய மதகுகள் கவுண்டியிடம் இல்லை, தனி நீர் மேலாண்மை அமைப்பிடம் இருக்கின்றன. அதன் நிபுணர்களும் அந்தக் கணக்கில் கலந்துகொண்டார்கள்.

தேயிலைத்தோட்டம்:
ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. கடல் தொட்டபெட்டா வரைக்கும் ஏறி வந்ததும் சொல்லி அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுவிடலாம்.

குந்தாக்காரன்:
ஒரே கணக்குக்கு வந்தார்களாம். இவர் முதலில் 91.1-க்கு வரட்டும், ஃபுளோரிடாவுக்கு அப்புறம் போகலாம்.

கோத்தகிரி அக்கா:
தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். ஆகஸ்ட் 8 காலை வரைக்கும் முடிந்த 24 மணி நேரத்தில் 82. அடுத்த நாள் காலை வரைக்கும் 91.1. இரண்டும் சரிதான். காலை எட்டரை மணிக்கு எட்டரை மணி என்பதுதான் மழைக்கணக்கில் ஒரு நாள். நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு நாளைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

குந்தாக்காரன்:
அக்கா, எனக்கு நாள் கணக்கு சொல்லித் தர வேண்டாம். அப்பா ஈபி கேம்ப்பில் வேலை பார்த்தவர். மழைமானியில் புனலைத் தூக்கி, உள்ளே இருக்கிற பாட்டிலை எடுத்து, அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்கு வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவார். பேய்மழை நாளில் பாட்டில் நிறைவதற்குள் எடுத்து அளந்து கொட்டிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும், ராத்திரி என்றும் பார்க்க முடியாது. அப்படி ஆட்கள் எழுதி வைத்த பெரிய எண்ணை விட்டுவிட்டு சின்ன எண்ணைப் போடுவது எங்கள் குந்தாவைக் குறைத்துக் காட்டுகிற வேலை. சுற்றுலா படம் போடும்போது மட்டும் அவலாஞ்சி உங்களுக்கு ஊட்டி ஆகிவிடும்.

எல்க்ஹில்வாசி:
மழையில் கூட கௌரவமா?

குந்தாக்காரன்:
ஆமாம். 91.1.

கூடலூரான்:
இங்கே ஜென்ம நிலச் சட்டத்தின் பிரிவு 17-இல் வந்து, யாருக்கு என்று முடிவாகாமல் கிடக்கிற நிலத்தில் இருக்கிற குடும்பங்கள் கரண்ட் இணைப்புக்காக எத்தனை வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கின்றன தெரியுமா? 1969-இல் பரம்பரை நிலவுடைமையை ஒழிக்கிற அந்த ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது, இன்னும் அதிலேயே நிற்கிறோம். விளக்கு எரியாத வீட்டுக்குக் காலநிலைக் கூட்டணி. நல்லா இருக்கு.

தேயிலைத்தோட்டம்:
அதை இங்கே கொண்டுவராதீர்கள். அது வருவாய்த்துறை, வனத்துறை விவகாரம்.

கூடலூரான்:
நாங்கள் எது சொன்னாலும் வேறு துறை. கூட்டணிப் பட்டியலில் பெயர் போடும்போது மட்டும் கூடலூர் வேண்டும்.

மஞ்சூர் தேநீர்:
மின்வாரியம் என்று எதைச் சொல்கிறீர்கள்? 2024-இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மூன்று கழகமாகப் பிரித்துவிட்டார்கள். இதில் எது வந்து உட்காரும்? அதற்கு ஓட்டு உண்டா, வெறும் பார்வையாளரா? குன்னூர் பக்கத்து வெலிங்டன் கண்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதி, பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழே இருக்கிறது, அது உள்ளாட்சிக் கணக்கில் சேருமா?

எல்க்ஹில்வாசி:
இது நல்ல கேள்வி. அணைப் பொறுப்பில் இருக்கிறவர்கள் வந்தால் போதும். மழை அளவு, அணை மட்டம், எப்போது திறக்கப் போகிறார்கள் என்பதை உள்ளாட்சிக்கு முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். ஓட்டு எல்லாம்...

குந்தாக்காரன்:
எந்த மழை அளவைத் தருவார்கள்? 82-ஐயா?

மஞ்சூர் தேநீர்:
ஐயா, கண்டோன்மென்ட் பற்றிக் கேட்டேன்.

குந்தாக்காரன்:
கண்டோன்மென்ட் கிடக்கட்டும். மின்வாரியம் எதற்காகச் சேரும் என்று யோசித்தீர்களா? குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம், சில்லஹல்லாவில் 1000 மெகாவாட். இரண்டுக்கும் காலநிலை என்றுதான் பெயர் வைப்பார்கள். கூட்டணியில் சேர்ந்த கையோடு, உள்ளாட்சிகளே ஒப்புக்கொண்ட திட்டம் என்று சொல்லிவிடுவார்கள். சில்லஹல்லாவை எங்கள் படுகர் கிராமத்து ஹட்டிக்காரர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று ஊட்டி எல்க்ஹில்லிலிருந்து பார்த்தால் தெரியாது. கேரட், உருளை போடுகிற பூமி சார் அது.

எல்க்ஹில்வாசி:
அப்படியானால் உள்ளே இருந்து கேள்வி கேட்பது நல்லதா, வெளியே நின்று கத்துவது நல்லதா? பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் கீழே விட்டுக் கரண்ட் எடுக்கிறார்கள். அதில் என்ன தப்பு? பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லிருந்து ஓடுகிறது, மலை ஒன்றும் இடிந்துவிடவில்லையே.

குந்தாக்காரன்:
மலை இடியவில்லையா? 2009 நவம்பரில் எங்கே இருந்தீர்கள்? குன்னூரிலும் கேத்தியிலும் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள்.

எல்க்ஹில்வாசி:
அது அணையால் வந்ததா? பேச்சை மாற்றாதீர்கள்.

குந்தாக்காரன்:
நானா மாற்றுகிறேன்? 82 என்று ஆரம்பித்தது யார்?

கோத்தகிரி அக்கா:
இரண்டும் சரி என்று மேலே எழுதியிருக்கிறேன். ஒருவராவது படித்தீர்களா?

தேயிலைத்தோட்டம்:
அக்கா, வெளியூர் வண்டிகள் மலைக்கு வர வாங்குகிற ஈ-பாஸ் பற்றி உங்கள் கருத்து என்ன? சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று 2025-இல் ஐகோர்ட் வைத்ததே, எந்தக் கூட்டணியைக் கேட்டு வைத்தது?

கூடலூரான்:
அந்த ஈ-பாஸில் எங்கள் கடைக்காரர்கள் பட்ட பாட்டுக்குத் தனி இழை போட வேண்டும்.

குந்தாக்காரன்:
போடுங்கள். ஆனால் எல்க்ஹில்வாசி சார் தன் பழைய பதிவைத் திருத்தட்டும், அதுவரை இந்த இழையை விடுவதாக இல்லை.

எல்க்ஹில்வாசி:
ஒரு எழுத்தும் திருத்த மாட்டேன்.

மஞ்சூர் தேநீர்:
கண்டோன்மென்ட்டுக்கு ஓட்டு உண்டா இல்லையா, யாராவது சொல்லுங்கப்பா.

தேயிலைத்தோட்டம்:
உங்களுக்கு வெலிங்டனில் இடம் கிடம் இருக்கிறதா? ரொம்ப அக்கறையாகக் கேட்கிறீர்கள்.