குவனெதிடீன் இட்ட பின் நரம்புத் தூண்டல் பலிக்காமல் போவது ஏன்?

கேள்வி: வைத்தியபீட மாணவி, கொழும்பு

வணக்கம். முயலின் சிறுகுடல் துண்டொன்றை, அதற்கு வரும் பரிவு நரம்புகள் (குடலசைவை அடக்கும் தன்னியக்க நரம்புகள்) அறுபடாதபடி, குடலைத் தாங்கும் சவ்வான குடல்நடுமடிப்புடன் வெட்டியெடுத்து, 37 பாகை செல்சியசில் ஒட்சிசனூட்டிய தைரோட் கரைசலில் (உப்புகளும் குளுக்கோசும் கொண்ட திரவத்தில்) தொங்கவிட்டுப் பதிந்த வரைபுகளை மருந்தியல் செய்முறை வகுப்பில் எங்களுக்குத் தந்தார்கள். எவரும் தூண்டாமலே துண்டு சீராகச் சுருங்கித் தளர்கிறது. நரம்பைத் தூண்டினால் அசைவு அடங்குகிறது. அந்நரம்புகளின் முனைகள் வெளிவிடும் இரசாயனமான நோரதிரனலினை இட்டாலும் அப்படியே. ஆனால் குவனெதிடீன் என்ற மருந்தை இட்டுச் சிறிது நேரம் சென்ற பின் நரம்புத் தூண்டல் பலிக்கவில்லை. நோரதிரனலினோ முன்னரிலும் சற்று வலுவாகச் செயற்படுகிறது. தசையில் நோரதிரனலின் பொருந்தும் இடமான வாங்கி அடைபட்டிருந்தால் இரண்டுமே தோற்றிருக்க வேண்டும் அல்லவா?

மறுமொழி: மருந்தியல் விரிவுரையாளர்

ஆம், தங்கச்சி, ஆகவே தடை தசையில் இல்லை, நரம்பு முனையில் இருக்கிறது. வெளியான நோரதிரனலினை மீள உள்ளெடுக்கும் அதே கடத்திப் புரதத்தின் வழியாகக் குவனெதிடீன் முனைக்குள் புகுந்து, கணத்தாக்கம் (நரம்பில் ஓடும் மின்சைகை) வந்தாலும் நோரதிரனலின் வெளியேறாதபடி செய்துவிடுகிறது. அந்தக் கடத்தியை அது பிடித்துக்கொள்வதால், நீங்கள் வெளியிலிருந்து இடும் நோரதிரனலின் முனைக்குள் இழுக்கப்படாமல் தசையருகே கூடுதலாகத் தங்குகிறது. வரைபில் கண்ட வலு அதன் விளைவு. மாறாக, நோரதிரனலின் வாங்கிகளில் அல்பா வகையை அடைக்கும் பென்டோலமைனையும் பீற்றா வகையை அடைக்கும் புரோப்பிரனலோலையும் சேர்த்து இட்டால் தூண்டலும் நோரதிரனலினும் ஒருங்கே பலனிழக்கும். முயற்குடலில் அல்பா, பீற்றா வாங்கிகள் இரண்டுமே தளர்வைத் தருவதால் ஒன்றை மட்டும் அடைப்பது போதாது.

இந்தத் தயாரிப்புக்குப் பிங்கிள்மன் என்பவரின் பெயர் வழங்குகிறது. 1930இல் அவர், நரம்பு தூண்டப்பட்ட குடல் துண்டிலிருந்து வழிந்த திரவம் வேறொரு துண்டின் அசைவையும் அடக்குவதைக் காட்டினார். நரம்பின் செய்தியை ஓர் இரசாயனப் பொருளே தசைக்குக் கொண்டுசேர்க்கிறது என்பதற்கு இவ்வளவு எளிய சான்று கிடைத்ததை நான் இன்றும் வியக்கிறேன்.

மாணவி

மிக்க நன்றி, சேர். அசற்றைல்கோலினின் வாங்கிகளை அடைக்கும் அத்திரோப்பினை இட்ட வரைபில், நரம்பிரசாயனமான அசற்றைல்கோலின் தரும் சுருக்கம் முற்றாக இல்லாமற் போயும், சீரான அசைவு தொடர்கிறதே?

மறுமொழி: உடற்றொழிலியல் செய்முறை உதவியாளர்

அந்த அசைவு நரம்பால் பிறப்பதில்லை. குடற்சுவரிலுள்ள கஹால் இடைக்கலங்கள் எழுப்பும் மெதுவான மின்னலைகளே தசையின் தாளத்தை வகுக்கின்றன. பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடொட்சின் நரம்புகளின் சோடியக் கால்வாய்களை அடைத்துத் தூண்டலின் விளைவைப் போக்கிய பின்னரும் துண்டு அசைந்துகொண்டேயிருக்கும். கல்சியம் இல்லாத கரைசலுக்கு மாற்றிப் பாருங்கள்: அலைகளின் உயரம் படிப்படியாகக் குறைந்து, அசைவு நின்றுவிடும், கல்சியம் மீளச் சேர்ந்ததும் திரும்பும். மருந்து எதையும் இடுமுன் இந்தத் தாளம் நிலைப்படும் வரை காத்திருங்கள், ஒவ்வொரு மருந்துக்குப் பின்னும் நன்கு கழுவுங்கள். ஆனால் குவனெதிடீன் எளிதில் கழுவப்படாது என்பதால், அதை இறுதியிலேயே இடுவது நல்லது.