அப்டேட்: பழைய இழைப்புளிங்கள விக்கிறதா, வச்சிக்கிறதா

கனெக்டிகட்ல ஒரு பழைய வீட்டு சாமான் விக்கிற எடத்துல 60 டாலருக்கு பெட்டியோட அள்ளிட்டு வந்த ஸ்டான்லி கம்பெனி இழைப்புளிங்கள (மரம் சீவுற கருவி) என்ன பண்றதுன்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல. நம்பர் 45, அதான் விதவிதமா கட்டர் மாத்திப் போடுற மாடல், வித்துப் போயிடுச்சு, கட்டர் செட் முழுசா இருந்ததால நல்ல ரேட்டு, அதுல இருந்த துருவை வயர் பிரஷ் போட்டு தேய்க்காதன்னு நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, வாங்க வந்தவரு மொதல்ல அதத்தான் திருப்பித் திருப்பி பாத்தாரு. நம்பர் 4, மரத்த வழவழப்பாக்குற சாதாரண இழைப்புளி, அத குடுக்கத்தான் மனசு வரல. கழட்டிப் பாத்தா உள்ள மூணு பேட்டன்ட் தேதி, கடைசி 1910 ஏப்ரல் 19, ரோஸ்வுட் கைப்பிடி வேற. எங்க பாத்தாலும் கெடைக்கிற மாடல்தான், வித்தாலும் பெருசா தேறாது. பிளேட தீட்டி ஒரு பைன் பலகைல தள்ளினேன், வெங்காயத் தோல் மாதிரி சீவல் சுருண்டு வந்துச்சு, சரி இது எங்கிட்டயே கெடக்கட்டும். நம்பர் 5 ஒண்ணு மிச்சம் இருக்கு, கைப்பிடி வெடிச்சது, வேணும்னா சொல்லுங்க.