அம்மாவின் விரல் முடிச்சும் எலும்பு பலமும்: தொடர்பு உண்டா?

பாம்பன் மகள்:
அம்மாவுக்கு 64 வயது. 40 வருடம் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுப்பாள். இப்போது விரல் நுனி மூட்டெல்லாம் புளியங்கொட்டை மாதிரி முடிச்சு. மீன் அரிய அரிவாள்மனையில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறாள்.

போன மாதம் வாசற்படியில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டவர், "விரலைப் பார்த்தாலே தெரியுது, எலும்பு உளுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. பக்கத்து வீட்டு மதினியோ, "முடிச்சு விழுந்தா எலும்பு கெட்டி" என்கிறார். எது சரி? வெயிலிலேயே கிடந்த உடம்பு, தினமும் மீன். எலும்பு எப்படி பலம் குறையும்?

கீழக்கரை செவிலி:
தங்கச்சி, இரண்டுமே சரியில்லை. நுனி மூட்டு முடிச்சு பெரும்பாலும் தேய்மானத்தால் வருவது. எலும்பு அடர்த்தி குறைவது வேறு நோய். இடுப்பு, முழங்கால் தேய்மானம் உள்ள பெண்களுக்கு அடர்த்தி கொஞ்சம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. கை விஷயத்தில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதனால் விரலை வைத்து எலும்பை எடைபோட முடியாது.

ஆனால் நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருக்கிறதே, அதை விடாதீர்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். அதில் வரும் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது நான் சொன்ன அடர்த்தி குறையும் நோய். முதுகெலும்பில் தேய்ந்து எலும்பு முளைத்திருந்தால் அங்கே அடர்த்தி கூடுதலாகக் காட்டும், ஏமாந்துவிடுவோம். இடுப்பு அளவையும் கேட்டு வாங்குங்கள்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் பெரிய காரணம். மீனில் சுண்ணாம்புச் சத்து முள்ளில்தான் அதிகம். நெத்தலியை முள்ளோடு தின்றால் சேரும், சீலாத் துண்டத்தில் அவ்வளவு சேராது. வயதானால் தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி எடுப்பதும் குறையும். அதையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

ஏர்வாடி அக்கா:
எனக்கு வந்தது நுனி மூட்டில் இல்லை, மணிக்கட்டிலும் விரலின் அடி மூட்டிலும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காது. அது முடக்குவாதம். மூட்டில் வீக்கத்தை உண்டாக்குவதோடு எலும்பையும் அரிக்கும்.

அதைவிட மோசம் நான் செய்தது. சீட்டு இல்லாமல் ஒரு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி 2 வருடம் விழுங்கினேன். வலி பறந்தது, முகம் உப்பியது. அது எலும்பை பலவீனமாக்கும் ஸ்டீராய்டு மருந்து என்று முதுகெலும்பு நொறுங்கிய பிறகுதான் தெரிந்தது. அம்மா ஏதாவது வாங்கித் தின்கிறார்களா என்று கேளும்மா. தின்றால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும்.

பாம்பன் மகள்:
அக்கா, கேட்டேன். முதலில் இல்லை என்றாள். அப்புறம் சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டினாள். வெற்றிலைக்குக் கீழே, பெயர் கிழிந்த மாத்திரை அட்டை. வலி தாங்காத நாளில் மட்டும் போடுவாளாம், நான் திட்டுவேன் என்று சொல்லவில்லை. கை விறைப்பு காலையில் 10 நிமிடத்தில் போய்விடுகிறதாம்.

திங்கட்கிழமை ராமநாதபுரம் போகிறோம். அட்டையையும் எடுத்துப் போகிறேன். படியில் தேங்கும் தண்ணீருக்கு இன்று காலையில் தம்பி வாய்க்கால் வெட்டிவிட்டான்.